சிக்கனக் கத்தரியும் வானொலியும்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியிலுள்ள குஜிலியம்பாறையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் வானம் பார்த்த பூமி. காவிரியின் வளமோ வைகையின் வாய்க்காலோ எட்டாத இம்மண்ணில் நிலக்கடலையும் சோளமும் கம்பும் பருத்தியும் மழையை நம்பியே விளைந்துவந்தன. இன்று தனி வட்டமாக விளங்கும் இப்பகுதி, ஆங்கிலேயர் ஆட்சியில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகை வாட்டிய பொருளாதார மந்தம் இத்தகைய புன்செய்க் காடுகளையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்து நிலக்கடலையைப் பெருமளவில் வாங்கியவர்கள் பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலையினர். மார்சேல்ஸ் துறைமுகத்தில் விலை சரிந்தபோது, அதன் பெயரையே கேட்டிராத உழவனின் களத்துமேட்டிலும் விலை சரிந்தது. 1929க்கும் 1933க்கும் இடைப்பட்ட காலத்தில் விளைபொருள் விலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆனால் காசாகச் செலுத்த வேண்டிய கிஸ்தி குறையவில்லை, வட்டியும் குறையவில்லை.

பர்மாவில் முடங்கிய செட்டிநாட்டுப் பணம், மலேயாத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட கூலிகள், அடகுக்கும் விற்பனைக்கும் வந்த தாலிப்பொன் ஆகியவையெல்லாம் அந்நாளைய தமிழகத்தின் கதை. அக்கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதே மந்தக் காலத்தில், மக்களுக்குச் செய்தியையும் இசையையும் அறிவையும் கொண்டு செல்ல வல்ல ஒரு புதிய கருவி நாட்டில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஆட்சியாளர் கணக்குப் பார்த்த நிகழ்ச்சி மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1931இல் வானொலிக்கு ஏறத்தாழத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறே வாரத்தில் அது தள்ளிவைக்கப்பட்டது. அத்தீர்ப்பு ஏன் எழுதப்பட்டது, ஏன் திருத்தப்பட்டது, திருத்தியதற்கான விலையை யார் கொடுத்தனர் என்பவை இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

வானொலி இந்நாட்டிற்கு அரசின் கொடையாக வரவில்லை. ஆர்வலர்களின் விளையாட்டாக வந்தது. அதிலும் சென்னைக்கு முன்னிடம் உண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட்; பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. அது மிகச் சிறிய ஆற்றலே. எனினும் மூன்றாண்டுக்காலம் அச்சங்கம் இசையும் சொற்பொழிவும் வழங்கிற்று. உறுப்பினர் சந்தாவைக் கொண்டு நிலையம் நடத்துவது இயலாமற்போகவே, 1927இல் அதன் குரல் ஓய்ந்தது.

அதே 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வணிகர்கள் களமிறங்கினர். இந்திய ஒலிபரப்புக் கம்பெனி அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் பம்பாய் நிலையத்தைத் தொடங்கிற்று. வைசிராய் இர்வின் பிரபு அதனைத் திறந்துவைத்தார். ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தா நிலையம் தொடங்கிற்று. இரண்டும் ஒன்றரைக் கிலோவாட் ஆற்றலுடையவை. 30 மைல் சுற்றளவுக்கே தெளிவாகக் கேட்பவை. கம்பெனியின் வருவாய்க்கு வழிகள் இரண்டு. ஆண்டொன்றுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தியே எவரும் வானொலிப் பெட்டி வைத்திருக்கலாம். அதில் எண்பது விழுக்காடு கம்பெனிக்குச் சேரும். இறக்குமதியாகும் கருவிகளின் மதிப்பில் பத்து விழுக்காடும் அதற்குரியது.

பத்து ரூபாய் என்பது 160 அணா. நாளெல்லாம் காட்டில் பாடுபட்ட கூலியாள் மாலையில் பெற்றதோ சில அணாக்களே. பெட்டியின் விலையைச் சேர்த்தால், அது வக்கீல்களும் வணிகர்களும் வெள்ளை அதிகாரிகளும் மட்டுமே எண்ணத்தக்க பொருளாக இருந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் உரிமம் பெற்றோர் 3,594 பேர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் 7,775 பேர். 35 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் இது கடலில் கரைத்த பெருங்காயம். உரிமம் இன்றித் திருட்டுத்தனமாகக் கேட்டவர் எத்தனையோ பேர். அவர்களைப் பிடிக்கப் போதிய சட்டமும் இல்லை. ஆறு இலட்சம் ரூபாய் முதலீட்டில் நாலரை இலட்சத்தை நிலையங்களை அமைப்பதிலேயே செலவிட்டுவிட்ட கம்பெனி, வரவுக்கும் செலவுக்கும் இடையே மூச்சுத் திணறி, 1930 மார்ச்சு முதல் நாள் கலைக்கப்படும் நிலையை அடைந்தது. வாணிபத்தை வாணிபமாகவே பார்த்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் பயன்படக்கூடிய ஒன்றை ஏழாயிரம் பேரின் பையை நம்பி நடத்த முடியாது என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

கேட்போரும் கருவி வணிகரும் முறையிட்டதன் விளைவாக அரசாங்கம் நிலையங்களை விலைக்கு வாங்கி, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இரண்டாண்டுச் சோதனையாக நடத்த ஒப்புக்கொண்டது. இந்திய அரசு ஒலிபரப்புப் பணி என்பது அதற்கு இடப்பட்ட பெயர். தொழில் மற்றும் தொழிலாளர் துறை அதனை ஏற்றது. ஒலிபரப்பை ஒரு கலையாகவோ கல்வியாகவோ கருதியிருந்தால் வேறு துறையிடம் ஒப்படைத்திருப்பர். நட்டத்தில் ஓடிய ஆலையை எடுத்து நடத்துவது போன்ற மனநிலையே அரசாங்கத்திடம் இருந்தது.

வியப்பு என்னவெனில், அதே ஏப்ரல் முதல் நாளில் சென்னையிலும் ஓர் ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதன் மனநிலையோ முற்றிலும் வேறு. ஓய்ந்துபோன ரேடியோ சங்கத்தின் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகையிலிருந்து நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒலிபரப்பலாயிற்று. பள்ளி நாட்களில் சிறுவர்களுக்கென மாலை நான்கு மணிக்கு அரைமணி நேரம் இசைப்பாடமும் கதையும் உண்டு. விடுமுறைக் காலைகளில் இசைத்தட்டுக்கள் முழங்கின. இவற்றைவிடக் குறிப்பிடத்தக்க செயல் ஒன்றுண்டு. மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, பெட்டி வாங்க இயலாதவரும் காற்று வாங்க வந்த இடத்தில் பாட்டுக் கேட்க மாநகராட்சி வழி செய்தது. மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் எவ்வாறோ, அவ்வாறே வானொலியும் என்று ஒரு நகராட்சி கருதியது. விளக்குக் கம்பத்தின் கீழ் நிற்பவனிடம் எவரும் உரிமம் கேட்பதில்லை. மீன்பிடிப்பவரும் சுண்டல் விற்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் மணலில் அமர்ந்து கேட்டால், அதுவும் வானொலியின் பயன்தான் என்று எண்ணியவர்கள் மாநகர மன்றத்தில் இருந்திருக்க வேண்டும். மந்தத்தின் பிடி இறுகிக்கொண்டிருந்த ஆண்டில் இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது அதன் அருமை கூடுகிறது.

டெல்லியின் போக்கு வேறாக இருந்தது. 1931 செப்டம்பர் 21ஆம் நாள் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ரூபாய் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டது. எட்டு நாட்களுக்குப்பின் நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் சூஸ்டர் அவசர வரவுசெலவுத் திட்டம் ஒன்றை மத்திய சட்டசபையில் வைத்தார். வரிகள்மீது நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் மேல்வரி விதிக்கப்பட்டது. உப்பும் அதற்குத் தப்பவில்லை. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து விழுக்காடு வெட்டு. ஆண்டு வருமானம் ஆயிரம் ரூபாய் உள்ளவர்மீதும் வருமான வரி பாய்ந்தது. அஞ்சலட்டையின் விலை அரையணாவிலிருந்து முக்காலணாவாக ஏறிற்று. சட்டசபை அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. வைசிராய் வில்லிங்டன் தமது தனி அதிகாரத்தால் சான்றளித்து அதனைச் சட்டமாக்கினார். அஞ்சலட்டையின் விலையேற்றத்தைச் சிறு செய்தியென்று தள்ளிவிட இயலாது. கொழும்பிலும் இரங்கூனிலும் இருந்த மகனுக்கும் ஊரிலிருந்த தாய்க்கும் இடையே ஓடிய ஒரே நூல் அஞ்சல்தான். எளியவரின் செய்தித் தொடர்பின்மீது விழுந்த முதல் வெட்டு அது.

இரண்டாம் வெட்டு வானொலிமீது விழுந்தது. செலவுக் குறைப்பு ஆலோசனைக் குழுக்கள் ஒவ்வொரு துறையாகத் துருவிக்கொண்டிருந்த வேளையில், 1931 அக்டோபரில், ஒலிபரப்புப் பணியை மூடிவிடுவதென அரசாங்கம் முடிவெடுத்தது. இரண்டாண்டுச் சோதனைக்கு இன்னும் ஏறத்தாழ ஆறு திங்கள் எஞ்சியிருந்தது. ஒரு பேரரசின் பற்றாக்குறை கோடிக்கணக்கில். வானொலியை மூடுவதால் மிச்சமாவது அதில் தூசி. எனினும் எதிர்க்க ஆளில்லாத செலவையே கத்தரி முதலில் நாடும். படைச்செலவு ஓரளவே குறைக்கப்பட்டது. வானொலியோ அடியோடு வெட்டத்தக்கது எனத் தோன்றிற்று.

ஆனால் எதிர்க்க ஆளிருந்தது. கல்கத்தாவிலிருந்து எழுந்த எதிர்ப்புக் குறிப்பாக வலுவாக இருந்தது. வங்கமொழி நாடகங்களாலும் பாடல்களாலும் அந்நிலையம் மக்கள் மனத்தில் இடம்பெற்றுவிட்டது. ‘பேதார் ஜகத்’ என்னும் நிகழ்ச்சி இதழை 1929 முதலே அது வெளியிட்டுவந்தது. கேட்போருக்கும் நிலையத்துக்கும் இடையே உறவு முறை போன்ற ஒன்று வளர்ந்திருந்தது. அரசின் சொல்லை நம்பிக் கருவிகளை இறக்குமதி செய்து குவித்திருந்த வணிகர்களும் கொதித்தெழுந்தனர். நவம்பர் 23ஆம் நாள் அரசாங்கம் தன் முடிவைத் திரும்பப் பெற்று, பணி தற்காலிகமாகத் தொடரும் என்றது. 1932 மே மாதத்தில் அது நிலையாகத் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

பொதுமக்கள் குரல் வென்றது என்று இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. வென்றது பொதுமக்களில் ஒரு பகுதியினரின் குரலே. பெட்டி வைத்திருந்தோரும் பெட்டி விற்றோரும் குரல் கொடுத்தனர். அவர்களுக்கு விடையும் கிடைத்தது. ஆனால் பணத்திற்கு வழி என்ன என்ற வினாவிற்கு அரசாங்கம் கண்ட விடைதான் இங்கு உற்று நோக்கத் தக்கது. வானொலிக் கருவிகள்மீதான இறக்குமதித் தீர்வை 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக இரட்டிப்பாக்கப்பட்டது. மூடப்படவிருந்த கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைவதற்கான கட்டணம் மட்டும் ஏறிவிட்டது.

அக்காலத்தில் இந்தியாவில் வானொலிப் பெட்டி உற்பத்தி இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இத்தீர்வை உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கானதன்று. புதிதாகக் கேட்க வருபவன்மீது விழுந்த வரி. ஏற்கெனவே பெட்டி வைத்திருந்தவனுக்கு இதனால் நட்டமில்லை. அவன் வழக்கம்போல் பத்து ரூபாய் செலுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். சென்னை மாகாணத்தானுக்கு இதில் இன்னும் ஒரு கசப்பு உண்டு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் 30 மைல் சுற்றளவில் கேட்கும் நிலையங்களுக்காகச் சென்னையில் பெட்டி வாங்குபவனும் இரட்டைத் தீர்வை செலுத்தினான். அவன் கேட்ட நிலையத்தை நடத்தியதோ டெல்லியன்று, அவனுடைய மாநகராட்சி.

இத்தனைக்குப் பிறகும் வானொலி பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. 1932 டிசம்பரில் பி.பி.சி. நிறுவனம் தன் பேரரசு ஒலிபரப்பைச் சிற்றலையில் தொடங்கிற்று. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் இலண்டன் மணிக்கூண்டின் ஓசையைக் கேட்க ஆவலுற்று, தீர்வையைப் பாராமல் பெட்டிகளை வாங்கினர். 1932 இறுதியில் 8,557 ஆக இருந்த உரிமங்கள் 1933 இறுதியில் 10,872 ஆகவும், 1934 இறுதியில் 16,179 ஆகவும் உயர்ந்தன. 1933இல் இயற்றப்பட்ட இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1934 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, உரிமமின்றிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. தீர்வையும் கட்டணமும் சேர்ந்து வருவாய் பெருகின. மூடத்தக்கது என்று கணிக்கப்பட்ட பணி, இரண்டாண்டுக்குள் ஆதாயம் காட்டத் தொடங்கிற்று. சிக்கனக் கணக்கர்கள் எவ்வளவு குறுகிய தொலைவுக்குப் பார்த்தனர் என்பதற்கு இது ஒன்றே சான்று.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை அதே அரசாங்கத்தின் கொள்கை வேறு வகையில் இயங்கிற்று. வானொலிக்குப் பணமில்லை என்று சொல்லிய அதே காலத்தில், 1931ஆம் ஆண்டின் அச்சக அவசர அதிகாரச் சட்டம் பிறந்தது. அச்சகம் வைத்திருப்போரிடம் ஜாமீன் தொகை கேட்கவும், கட்டிய தொகையைப் பறிமுதல் செய்யவும் அது இடமளித்தது. புதிய அச்சகத்திடம் ஆயிரம் ரூபாய் வரை கேட்கலாம். சந்தாதாரர் பணம் அனுப்ப இயலாத, விளம்பரதாரர் கைவிரித்த மந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு சிறு பத்திரிகையின் உயிர். எழுத்தைத் தடை செய்யத் தணிக்கையாளன் தேவையில்லை; கணக்குப்பிள்ளையே போதும்.

அந்நெருக்கடிக்குத் தமிழ்ப் பத்திரிகையாளர் கண்ட மாற்று, விலையைக் குறைப்பது. சங்கு கணேசனின் ‘சுதந்திரச் சங்கு’ காலணாவுக்கு விற்றது. டி. எஸ். சொக்கலிங்கத்தின் ‘காந்தி’யும் காலணாப் பத்திரிகைதான். இரண்டும் தேச விடுதலைக்காக நடத்தப்பட்டவை. காலணாவுக்கு ஒரு வெற்றிலைக் கட்டைக் குறைத்துக்கொண்டால் பத்திரிகை வாங்கலாம் என்னும் நிலை, அரசாங்கத்தின் பத்து ரூபாய் உரிமத்திற்கு நேர் எதிரானது. பின்னர் 1934 செப்டம்பர் 11ஆம் நாள், பாரதி நினைவு நாளில், ‘தினமணி’ நாளிதழ் சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தபோது, மந்தத்தின் நடுவிலும் தமிழில் எளியோருக்கான நாளிதழ் நிலைக்கும் என்பது உறுதிப்பட்டது.

எழுத்தறியாத சிற்றூர் மக்களுக்கு அப்பத்திரிகைகளும் நேரே எட்டவில்லை. திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பது வழக்கம். அதற்கும் கீழே, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடி விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. சென்னை குஜிலிக் கடைகளில் அச்சாகிப் பரவியதால் இவற்றை ‘குஜிலி நூல்கள்’ என்பர். உப்புச் சத்தியாக்கிரகமும் புயலும் கொலைவழக்கும் விலைவாசியும் அவற்றின் பாடுபொருள்கள். அப்பெயருக்கும் குஜிலியம்பாறை என்னும் ஊர்ப்பெயருக்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். அது ஊர்ப்பெயர் ஆய்வாளர்களின் வேலை. உரிமமும் தீர்வையும் தேவைப்படாத அந்தப் பாட்டுப் புத்தகமே மந்தக் காலத்துச் சிற்றூரின் வானொலி என்பது மட்டும் மிகையன்று. அதன்மீதும் தடையாணைகள் பாய்ந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. அன்றைய அரசாங்கத்திற்கு ‘பொதுநலன்’ என்பது இரண்டு வடிவங்களில் தோன்றிற்று. வானொலியில் அது கட்டணம் செலுத்துவோரின் நலன். அச்சில் அது அரசுக்கு ஆபத்து விளையாமை. கேட்க வழியற்றவர், படிக்க வழியற்றவர் என்னும் பெருந்தொகுதி இரண்டு கணக்கிலும் வரவில்லை. அமெரிக்கர்கள் 1927ஆம் ஆண்டின் வானொலிச் சட்டத்திலும் 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்திலும் பொதுநலன், வசதி, தேவை என்னும் அளவுகோல்களை எழுதிவைத்தனர். ஆனால் நிலையங்களை விளம்பரக்காரர் கையில் விட்டனர். பிரிட்டன் 1927இல் ஓர் அரச சாசனத்தின்மூலம் பி.பி.சி.யைப் பொதுநிறுவனமாக்கிற்று. இந்தியாவிலோ வணிகமும் தோற்று, அரசும் தயங்கிய இடைவெளியில், ஒரு நகராட்சியின் கடற்கரை ஒலிபெருக்கி மட்டுமே மூன்றாவது வழி ஒன்றைக் காட்டி நின்றது. அவ்வழியைப் பிற நகராட்சிகளும் மாவட்டக் கழகங்களும் பின்பற்றியிருந்தால் தமிழகத்தின் வானொலி வரலாறே வேறாகியிருக்கும்.

சிற்றூர்களை நினைத்தவர் அறவே இல்லை என்பதற்கில்லை. இந்தியக் குடிமைப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற சி. எஃப். ஸ்டிரிக்லாண்டு என்பார், வானொலி முதன்மையாகக் கிராமத்திற்கே உரியது என்று 1930களின் முற்பாதியில் விடாது வலியுறுத்தினார். 1935இல் பெஷாவர்ப் பகுதியில் இரவல் பெற்ற ஒலிபரப்பியைக் கொண்டு கிராம ஒலிபரப்பு நடந்தது. பின்னர் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பொதுப்பெட்டிகள் வைக்கப்பட்டன. அப்பெட்டிகள் ஒரே நிலையத்திற்குப் பொருத்தி, பூட்டி, குறித்த நேரத்தில் தாமே திறந்து மூடும் கடிகார விசையுடன் அமைக்கப்பட்டவை. பழுது நேராமல் காக்க அது தேவை என்று பொறியாளர் கூறினர். கிராமத்தான் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதைப் பட்டணத்தில் இருப்பவன் முடிவு செய்தான் என்பதும் அப்பூட்டின் பொருளே.

1935 ஆகஸ்டு இறுதியில் லயனல் ஃபீல்டன் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அலுவலராக இலண்டனிலிருந்து வந்தார். மந்தம் மெல்ல விலகத் தொடங்கிய காலம் அது. வானொலி வளர்ச்சிக்கென 20 இலட்சம் ரூபாயும் பின்னர் அதற்கு மேலும் ஒதுக்கப்பட்டன. 1936 ஜனவரி முதல் நாள் டெல்லி நிலையமும், ஜூன் 8ஆம் நாள் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயரும் வந்தன. நீளமான பழைய பெயரை மாற்றுவதற்கு வைசிராயை ஒரு விருந்தில் நயமாக மடக்கியதைத் தம் தன்வரலாற்றில் ஃபீல்டன் சுவைபட எழுதியிருக்கிறார். ஆள்வோரிடம் ஒரு நல்ல செயலைச் செய்விக்க, அது அவர்களுடைய எண்ணமே என்று நம்பவைக்க வேண்டியிருந்தது போலும்.

சென்னைக்கு முறை வந்தது 1938 ஜூன் 16ஆம் நாள். ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய நிலையத்தைத் திறந்துவைத்தார். திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாகசுரம் அன்று முழங்கிற்று. அதே நாளோடு மாநகராட்சியின் எட்டாண்டு ஒலிபரப்பு முற்றுப்பெற்றது. மந்தத்தின் மிகக் கொடிய ஆண்டுகளில் ஒருநாளும் மூடுவதைப் பற்றிய பேரிரைச்சல் எழாத பணி அது. வளமான காலம் திரும்பியபோது, தன்னைவிடப் பன்மடங்கு ஆற்றலுடைய ஒன்றுக்கு இடம்கொடுத்து விலகிக்கொண்டது. 1939 மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கிற்று. காவிரிக் கரையிலிருந்து எழுந்த அந்தக் குரல்தான் திண்டுக்கல் சமவெளிக்கும் கரூர்ப் பகுதிக்கும் அருகிலிருந்து வந்த முதல் தமிழ் ஒலிபரப்பு. நான்கு மாதத்தில் உலகப்போர் மூண்டது. வானொலியின் பயன் என்ன என்ற வினாவை அதன்பின் எந்த நிதி அலுவலரும் எழுப்பவில்லை.

விடுதலைக்குப்பின் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. ஊராட்சி மன்றத்தின் முன்னே, பூங்கா என்று பெயர்பெற்ற நான்கு செடிகளின் நடுவே, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி மாலைதோறும் பேசியது. மாநிலச் செய்தியும் வயலும் வாழ்வும் திரையிசையும் பெட்டி வாங்காதவன் காதிலும் விழுந்தன. 1930இல் மெரினா மணலில் தொடங்கியது, ஒரு தலைமுறை கடந்து, மானாவாரிக் காட்டு ஊர்களின் அரசமரத்தடிக்கு வந்துசேர்ந்தது. அதன் பயனை அளந்து காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் பரப்பப்பட்டபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள்வழியே அதனை அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். விதை வாங்கக் கடைக்குச் சென்றவர்கள் அப்பெயரைச் சொல்லியே கேட்டனர்.

உரிமக் கட்டணம் என்னும் பழைய கதவு 1980களின் நடுவில் அறவே நீக்கப்பட்டது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. ஆனால் நெருக்கடி வந்தபோது கைதூக்கிவிடப்படுபவர் யார் என்னும் பழைய வினா புதிய வடிவில் திரும்பியது. 2008ஆம் ஆண்டின் உலக நிதிச் சரிவையொட்டி விளம்பர வருவாய் இழந்த அச்சு ஊடகங்களுக்கு, 2009 பிப்ரவரியில் மத்திய அரசு உதவிக்கு வந்தது. அரசு விளம்பரக் கட்டணம் பத்து விழுக்காடு உயர்த்தப்பட்டது. 15 விழுக்காட்டு முகமைக் கழிவும் விட்டுக்கொடுக்கப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த வேளை அது. 1931இல் அரசாங்கம் ஊடகத்தை ஜாமீன் தொகையால் கட்டியது. 2009இல் விளம்பரத் தொகையால் தாங்கியது. வெட்டும் கையும் தாங்கும் கையும் ஒன்றே என்பதால், விளம்பரம் பெறும் பத்திரிகை அதைக் கொடுத்தவரைப் பற்றி எப்படி எழுதும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அவ்வுதவியின் பெரும்பயன் அரசு விளம்பரங்களை மிகுதியாகப் பெறும் பத்திரிகைகளைச் சேரும். அரசு விளம்பரமே எட்டாத சிற்றிதழ்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இன்று குஜிலியம்பாறைச் சாலையில் செல்லும் உழவனின் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பண்பலை, திண்டுக்கல் சமவெளியின் தேநீர்க் கடைகளில் ஒலிக்கிறது. பஞ்சாயத்து ரேடியோக்கள் ஓய்ந்துவிட்டன. கம்பங்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னே நாள்தோறும் கடந்துசெல்லும் ஆயிரக்கணக்கானோரில், அக்கட்டடத்திலிருந்து எட்டாண்டுக் காலம் பாட்டும் பாடமும் கதையும் காற்றில் ஏறிக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தோரைச் சென்றடைந்தன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.